கல்லறைத் தோட்டத்தில் மண்டபம் வரையும் மாணவர்களுக்கு

அன்புள்ள கட்டடக்கலை மாணவ மாணவியருக்கு,

உங்கள் ஜூரியில் வெளியாளாக உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன். ஜூரியில் ஒரு தாளுக்குக் கிடைக்கும் நேரத்தில் 'வெளிச்சம் நன்றாக வருகிறது', 'டாய்லெட் எங்கே?' என்ற இரண்டைத் தவிர வேறெதையும் சொல்ல முடிவதில்லை. சொல்ல வேண்டியது இன்னும் இருந்ததால் இந்த மடல்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சிறிய ஜெப மண்டபம். அதுதான் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. சுவரில் குத்தியிருந்த தாள்களில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்தவை. வெற்றுக் கான்கிரீட் சுவர், அதில் சிலுவை வடிவில் ஒரு பிளவு, பிளவு வழியே வெளிச்சம். டடாவோ ஆண்டோ 1989-இல் ஒசாகா பக்கம் இபராக்கியில் கட்டி முடித்த தேவாலயம் அது. மிச்சம் பேரில் சிலர் ஸ்டாக்ஹோம் வரை போயிருந்தார்கள். குன்னர் அஸ்ப்லுண்ட் 1920-இல் பைன் மரங்களுக்கு நடுவே கட்டிய சிற்றாலயத்தின் கூம்புக் கூரை, நம் ஊர்க் கருவேல மரங்களுக்கு நடுவே நின்றிருந்தது. இரண்டும் சிறந்த கட்டடங்கள். அவற்றைப் பார்த்துப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இதை யார் கட்டப் போகிறார்கள்?' என்று நான் கேட்டபோது, எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள்: 'கான்ட்ராக்டர் சார்.'

இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் சொன்ன கட்டடம் ஒன்று இருக்கிறது. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய காம்ப்டன் கிராமத்து இடுகாட்டில் 1896-க்கும் 1898-க்கும் இடையே எழுந்த சிற்றாலயம். வாட்ஸ் சிற்றாலயம் என்று அதற்குப் பேர்.

முதலில் அது எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1894-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இங்கிலாந்துக் கிராமங்களுக்குத் தேர்தல் வைத்து ஊர்மன்றம் அமைக்கும் உரிமையைக் கொடுத்தது. காம்ப்டனின் புத்தம்புது ஊர்மன்றத்தின் முன்னால் வந்து நின்ற முதல் வேலைகளில் ஒன்று இடுகாடு. புனித நிக்கோலாஸ் கோயிலைச் சுற்றியிருந்த பழைய மண்ணில் இடமில்லை. 1895-இல் ஊருக்கு வெளியே மேட்டில் நிலம் வாங்கினார்கள். வழக்கமான ஊராக இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதை எளிதாகச் சொல்லலாம். 1850-களின் இடுகாட்டுச் சட்டங்களுக்குப் பிறகு இங்கிலாந்து முழுக்க ஒரே வாய்பாடுதான்: இரட்டைச் சிற்றாலயம். ஆங்கிலத் திருச்சபையாருக்கு ஒன்று, மற்றச் சபையாருக்கு ஒன்று. நடுவில் சவவண்டி நுழைய ஒரு வளைவு, வளைவுக்கு மேல் ஒரு கூர்ங்கோபுரம், எல்லாம் கோதிக் பாணியில். செத்த பிறகும் சபைச் சண்டையை விடாத மனிதர்களுக்கு ஏற்ற பிளான். அந்தக் காலத்து நகர இடுகாடுகளில் இன்றும் இந்த இரட்டையர்களைப் பார்க்கலாம்.

காம்ப்டன் அந்த வழியில் போகவில்லை. காரணம், அங்கே வீடு கட்டிக் குடியேறியிருந்த மேரி வாட்ஸ். 1849-இல் நம் நாட்டு அகமதுநகரில், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு மகளாகப் பிறந்து, ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரிக்கரையில் வளர்ந்தவர். லண்டனில் சிற்பமும் ஓவியமும் படித்தார். 1886-இல் ஜார்ஜ் ஃப்ரெடரிக் வாட்ஸை மணந்தார். வாட்ஸ் அந்தக் காலத்து இங்கிலாந்தின் ஆகப் பெரிய ஓவியர்களில் ஒருவர், மனைவியைவிட 32 வயது மூத்தவர். அவர் மனைவி என்பதைத் தாண்டி மேரிக்கு அதுவரை பெரிதாக அடையாளம் கிடையாது. 'சிற்றாலயத்தை நான் வடிவமைத்துக் கட்டித் தருகிறேன்' என்று ஊர்மன்றத்திடம் சொன்னது இவர்தான். செலவு வாட்ஸுடையது. எழுபது வயதைத் தாண்டியவர், சிற்றாலயச் செலவுக்காகப் பிரபுக்களின் முகங்களை வரைந்து தள்ளினார்.

மேரி கட்டடக்கலை படித்தவர் இல்லை. ஐந்து வருடம் படித்துவிட்டுக் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவுக்குக் காத்திருக்கப் போகிற உங்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கலாம். கட்டுமானத்துக்கு ஜார்ஜ் ரெட்மெய்ன் என்ற கட்டடக்கலைஞரின் ஆலோசனை இருந்தது. உருவமும் எண்ணமும் மேரியுடையவை.

கதையின் சுவாரசியமான பகுதி மண்ணில் தொடங்குகிறது. அவர்களுடைய லிம்னர்ஸ்லீஸ் வீட்டுத் தோட்டத்து நிலத்தடியில் நல்ல களிமண் கிடைத்தது. கிராமத்துக் கைத்தொழில்களை மீட்டெடுப்பதற்காக இங்கிலாந்தில் அப்போது ஒரு சங்கம் இயங்கிக்கொண்டிருந்தது. மேரி அதன் உறுப்பினர். உழைக்கும் ஆள் மாலையில் சாராயக்கடைக்குப் போகாமல் கைவேலை கற்றுக்கொள்ளட்டும் என்ற மேட்டுக்குடி அக்கறையும் அந்தச் சங்கத்தில் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1895 குளிர்காலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் மேரி தன் வீட்டிலேயே, சிற்றாலயத்துக்கான சுடுமண் அலங்காரம் செய்ய, மண்வேலை வகுப்பு தொடங்கினார். வயலில் வேலை செய்தவர்களும் வந்தார்கள், வசதியான வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கடைசிக் கணக்கில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் கை அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரு சின்னக் கிராமத்துக்கு அது ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு ஆள்.

சுடுமண் அலங்காரம் என்றால் வழவழப்பான கைவினைப் பொருளை நினைத்துவிடாதீர்கள். இதில் இருப்பது கடினமான பொறியியல். ஈரக் களிமண்ணைச் சாந்து அச்சில் அழுத்தி எடுக்கிறோம். காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். ஒரு பலகை கனமாகவும் பக்கத்துப் பலகை மெல்லியதாகவும் இருந்தால் ஒன்று வளையும், மற்றது வெடிக்கும். ஆகவே பின்பக்கத்தைக் குடைந்து எல்லா இடத்திலும் கனம் ஒன்றாக வரும்படி பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைக்க முடியாது. ஒரு தொட்டியோ பானையோ என்றால் கொஞ்சம் கோணினாலும் குற்றமில்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடும் சித்திரப் பட்டையில் ஒரு பலகையில் தொடங்கிய கொடி அடுத்த பலகையில் தொடர வேண்டும், அதனால் சுருக்கத்தை முன்கூட்டியே அச்சில் கணக்குப் பண்ணியாக வேண்டும். புதிதாகக் கற்றுக்கொண்ட கைகளை வைத்து மேரி இதைச் செய்து முடித்தார். பலகைகள் சேருமிடங்களில் நூல் பிடித்த நேர்த்தி இல்லை. இல்லாததுதான் எனக்குப் பிடிக்கிறது.

இதே பொருளை இதே காலத்தில் தொழிற்சாலை எப்படிக் கையாண்டது என்று பார்க்க விரும்பினால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்து 1881-இல் திறந்தது. சுவரெங்கும் சுடுமண் விலங்குகள். லண்டன் புகைக்கரி சுடுமண்ணை அரிக்காது, கழுவிவிடலாம் என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம். அச்சுப் பிசகாத, அற்புதமான வேலை. அங்கே மண்ணைப் பிசைந்தவர்கள் ஒருநாளும் அந்தக் கட்டடத்துக்குள் தங்களுக்கு இடம் உண்டு என்று நினைத்திருக்க மாட்டார்கள். காம்ப்டனில் மண்ணைப் பிசைந்தவர்களுக்கு, அந்த மண்டபத்தின் வழியாகத்தான் ஒருநாள் தங்களையும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது தெரியும். இந்த ஒரு வித்தியாசம் கட்டடத்தின் பிளானைவிட முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்.

பிளானுக்கு வருகிறேன், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தானே. ஒரு வட்டம். அதன்மேல் நான்கு கைகளும் சம நீளமுள்ள ஒரு கிரேக்கச் சிலுவை. வட்டம் முடிவில்லாக் காலம், அதை ஊடுருவும் சிலுவை விசுவாசம் என்பது மேரியின் விளக்கம். குறியீட்டை ஒதுக்கிவிட்டு, வேலையாகப் பாருங்கள். சாவு வீட்டார் ஒரு மண்டபத்துக்குள் வருகிறார்கள். நீண்ட ஹாலாக இருந்தால் முன்வரிசை பின்வரிசை வரும், சொந்தம் முன்னால், கூட வந்தவர் பின்னால். வட்டத்துக்கு வரிசை கிடையாது. நடுவில் இருப்பதை எல்லோரும் சம தூரத்தில் சூழ்ந்து நிற்கலாம். ஆனால் வெறும் வட்டத்துக்குத் திசையும் கிடையாது, வந்தவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. சிலுவையின் கைகள் அந்தத் திசையைக் கொடுக்கின்றன: ஒன்றில் வாசல், எதிரே பீடம். கைகள் ஆழமில்லாதவை, அதனால் வட்டம் உடைவதில்லை. உங்களில் ஒருவர் வட்டம் வரைந்துவிட்டு அதன் நடுவில் கடப்பைக் கல்லில் ஒரு கோடு கிழித்துத் திசை காட்டியிருந்தீர்கள். அந்தக் கோடு செய்யாத வேலையை இந்த நான்கு சின்னப் பிதுக்கங்கள் செய்கின்றன.

வெளியே, சுவர் முழுக்கச் செங்கல்லும் சுடுமண்ணும். பச்சை மேட்டில் ஏறும்போது அந்தச் சிவப்பு தூரத்திலேயே தெரிந்துவிடும். வாசல் நார்மன் காலத்து வளைவைப் போல அடுக்கடுக்காக உள்வாங்குகிறது. வளைவு நெடுகச் சிறகு வைத்த தேவதை முகங்கள். சுவரின் நடு உயரத்தில் சுற்றிவரும் பட்டையில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கற்சிலுவைகளில் காணும் கெல்டிக் முடிச்சுகள். நான்கு பக்கத்துக்கும் நம்பிக்கை, உண்மை, அன்பு, ஒளி என நான்கு கருத்துகள். பைசாந்தியம், எகிப்து, அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த ஆர்ட் நூவோ வளைவுகள் என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஜூரியில் நாங்கள் 'ஏன் இத்தனை பாணி?' என்று கேட்டுத் துளைத்திருப்போம். ஆனாலும் கலவை தெறிக்காமல் நிற்கிறது, எல்லாமே ஒரே மண், ஒரே நிறம் என்பதால். பொருளை ஒன்றாக வைத்துக்கொண்டால் உருவத்தில் எவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது என்பதை இந்த வெளிச்சுவரிடம் கற்கலாம்.

உள்ளே என் மனம் அந்த அளவு ஒட்டவில்லை. 1898-இல் இடுகாடு அர்ச்சிக்கப்பட்ட பிறகும் உட்புற வேலை 1904 வரை நீண்டது. நாரைச் சாந்தில் நனைத்து உருவமாக்கி, வண்ணமும் பொன்னும் பூசி, தரையருகிலிருந்து உச்சிவரை இடைவெளி இல்லாமல் நிரப்பியிருக்கிறார். நம் கோபுரத்துச் சுதை வேலையை உள்பக்கமாகத் திருப்பி, விளக்கை மங்கலாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கீழே வாழ்வின் மரம் வேரோடிக் கிளைக்கிறது. அதற்கு மேல் சிறகுள்ள தூதர்கள் இரண்டிரண்டாக: ஒருவர் முகம் காட்டுகிறார், மற்றவர் முதுகு காட்டுகிறார். பகலும் இரவும், உழைப்பும் ஓய்வும், வாழ்வும் சாவும் என்ற ஜோடிகள். இந்த முதுகு காட்டும் தூதர் அருமையான யோசனை. துக்கத்தில் இருப்பவருக்கு எல்லா முகமும் தன்னையே பார்ப்பது பாரமாக இருக்கும் என்பதை உணர்ந்த கை அது. பீடத்தில் வாட்ஸ் தன் கடைசி ஆண்டில் வரைந்து தந்த 'எங்கும் நிறைந்தது' என்ற ஓவியம். அதே 1904 ஜூலை முதல் தேதி அவர் இறந்தார்.

யோசனைகள் நல்லவை, ஆனால் அளவு மிஞ்சிவிட்டது. கண் வைத்து இளைப்பாற ஒரு சாண் வெற்றுச் சுவர் இல்லை. இங்கிலாந்துக் கட்டடங்களைப் பற்றிக் கூர்மையாக எழுதிய இயன் நேர்ன் இந்த அறையைச் சோர்வும் தூக்கமும் வரவழைக்கும் இடம் என்கிற பொருளில் சாடினார். கொஞ்சம் கடுமைதான், என்றாலும் அடியோடு தள்ள முடியவில்லை. குறியீடுகளைப் புரியவைக்க மேரியே 1905-இல் ஒரு விளக்கப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. பெட்டிக்கு முன் நின்று அழுதுகொண்டிருப்பவர் கையில் விளக்கப் புத்தகத்தைக் கொடுக்க முடியாது. உங்கள் கான்செப்ட் ஷீட்டில் 'இந்த ஏழு படிகள் ஏழு அருட்சாதனங்களைக் குறிக்கின்றன' என்று எழுதுகிறீர்களே, அதுவும் இதே வியாதிதான். எண்ணத் தெரியாதவருக்கும் அந்தப் படி ஏறச் சுலபமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

உள்ளும் வெளியும் ஏன் இப்படி வேறுபட்டன? என் ஊகம் இது. வெளிச்சுவரை ஊரே செய்தது. எழுபது பேர் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மேரியின் கையைக் கட்டிப்போட்டது, அந்தக் கட்டு கட்டடத்துக்கு நல்லதாகப் போயிற்று. உள்ளே அவரும் சில உதவியாளர்களும் மட்டும். தடுக்க யாருமில்லை.

இங்கே உங்களில் கோபக்காரர் ஒருவர் எழுந்து கேட்பார்: ஊர்க்காரர்கள் என்ன வடிவமைத்தார்கள்? அம்மையார் வரைந்ததை அச்சில் அமுக்கினார்கள், அவ்வளவுதானே? நியாயமான கேள்வி. வடிவம் முழுக்க மேரியுடையதுதான். பெரிய வீட்டுச் சீமாட்டி சொல்ல, கூலியாள் செய்தார் என்று இதைச் சுருக்கிவிடவும் முடியும். ஆனால் வகுப்பு அத்தோடு கலைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிற்றாலயம் எழுந்த பிறகு அதே ஆட்கள் காம்ப்டன் குயவர் கலைக் கழகம் என்ற தொழிற்கூடமாகத் திரண்டார்கள். தோட்டத் தொட்டிகள், சூரியக் கடிகாரப் பீடங்கள், கல்லறைக் குறிகள் செய்து விற்றார்கள். லண்டனின் பெயர்பெற்ற லிபர்ட்டி கடை அவற்றை விற்றது. மேரி 1938-இல் இறந்த பிறகும் 1950-கள் வரை தொழில் ஓடியது. அதே இடுகாட்டில் கற்களுக்கு நடுவே அவர்கள் செய்த சுடுமண் கல்லறைக் குறிகள் இன்றும் நிற்கின்றன. ஒரு கட்டட வேலை முடிந்து சாரம் பிரித்த பின் ஊரில் மிச்சமிருப்பது என்ன என்று கேட்டால், நம் பெரும்பாலான தளங்களில் உடைந்த செங்கலும் சிமெண்ட் சாக்கும்தான். அங்கே ஒரு தொழில் மிஞ்சியது.

உங்கள் பாடப் புத்தகத்தில் அடோல்ஃப் லோஸ் இருக்கிறார். அலங்காரம் குற்றம் என்று காம்ப்டன் முடிந்த சில ஆண்டுகளில் வியன்னாவில் முழங்கியவர். உங்களில் பலர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வெற்றுச் சுவரோடு நின்றுவிடுகிறீர்கள். அவருடைய வாதத்தின் பாதி பொருளாதாரம்: அலங்காரம் தொழிலாளியின் நேரத்தைத் தின்கிறது, அதற்கு ஈடான கூலி அவனுக்குக் கிடைப்பதில்லை. சந்தைக்குச் செய்யும் சிகரெட் பெட்டிக்கும் நாற்காலிக்கும் அது பொருந்தும். தன் ஊர் இடுகாட்டுக்காக வியாழன் மாலை தானே வந்து உட்கார்ந்தவருக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொன்றும் சொல்லுகிறேன். கட்டடங்களில் கலையோடு சேரக்கூடியவை இரண்டே இரண்டு, கல்லறையும் நினைவுச் சின்னமும் என்று சொன்னவரும் இதே லோஸ்தான். ஆசிரியர்கள் அலங்காரத்தைச் சாடிய கட்டுரையைப் படிக்கச் சொல்லுவார்கள், இதைச் சொன்ன கட்டுரையைச் சொல்ல மாட்டார்கள்.

காம்ப்டன் சிற்றாலயம் இன்று இங்கிலாந்தின் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. உடைமை இன்றும் ஊர்மன்றத்துடையதே. அதைச் சுற்றி அடக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் அஸ்தி அங்கே குடும்பக் கல்லறையில் இருக்கிறது. அவர் தாய் ஜூலியா காம்ப்டனில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், அதே மண்ணில் அடக்கமானவர்.

இனி உங்கள் தாள்கள். கான்கிரீட்டை அழித்துவிட்டுச் சுடுமண் ஒட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஆண்டோவின் இடத்தில் மேரி வாட்ஸ் வந்து உட்காருவார், அவ்வளவுதான். உங்கள் சைட்டுக்கு வாருங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தீர்களா? ஒவ்வொரு குடும்பமும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. ஆண்டுக்கு ஒருநாள் ஊர் முழுக்கத் தன் கையால் வேலை செய்கிற இடம் அது. அவர்களுக்கு உங்கள் மண்டபத்தில் கை வைக்க ஏதாவது இருக்கிறதா? வெற்றுக் கான்கிரீட் சுவரில் அவர்கள் சுண்ணாம்பு அடித்தால் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

மந்திரிப்பு முடியும்வரை சவப்பெட்டியை எங்கே இறக்கி வைப்பார்கள்? தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றித் திரும்ப அகலம் போதுமா? ஐப்பசி மழையில் பெட்டி நனையாமல் எத்தனை பேர் ஒதுங்கலாம்? உங்கள் செக்‌ஷன் எதிலும் ஒரு மனிதர்கூடத் தோளில் சுமையோடு இல்லை, எல்லோரும் தனியாக நின்று வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். சாவுக்கு யாரும் தனியாக வருவதில்லை.

அடுத்த ரிவியூவுக்கு ஒரு தாளை மட்டும் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். ரெண்டரிங் வேண்டாம். அந்த ஊரில் சூளை போடுபவர், கொத்தனார், தச்சர், கல்லறைக்குச் சிலுவை வார்த்துத் தருபவர், குழி வெட்டுபவர் என்று யார் யார் இருக்கிறார்கள், உங்கள் மண்டபத்தின் எந்தப் பகுதி யார் கையில் உருவாகும், அதில் எதை ஊர்க்காரர்களே செய்யலாம் என்று எழுதி, பக்கத்திலேயே அதன் விவரப் படத்தையும் வரையுங்கள். மதிப்பெண் போடும் பொறுப்பு எனக்கு இருந்தால், முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவன்